எவனோ கை வெச்ச துப்பாக்கி

"எவனோ கை வெச்சிருக்கான்டா. வெச்சது வெச்ச மாதிரி இல்ல."

காத்தால வாய் கொப்புளிச்சுத் துப்பறதுக்கு முன்னாடியே துளசிராமன் நைனா ஊட்டுலேர்ந்து இந்தப் பேச்சு தெருவுக்கு வந்துரும். மூக்கால ஆரம்பிச்சு, கடைசி 'இல்ல'வைத் தரையில போட்டு இழுக்கணும். எங்க ஆரம்பாக்கத்துல ஸ்டேசன் ரோட்டுல டீ குடிக்கிற எவனைக் கேட்டாலும் நைனா மாதிரி பேசிக் காட்டறேன்னு கெளம்புவான். அவனுங்களுக்கு அந்த இழுவை வராது. எனக்கு வரும். அவரு சம்சாரம் பூவம்மா அடுப்படியில இருக்கறப்ப நான் தெருவுல போய்க்கினே இழுத்தா, "இன்னாயா, இப்ப எவன் வெச்சான்"னு உள்ளேர்ந்து பதில் வந்துரும்.

கை வெச்சதுன்னு அவரு சொல்றது துப்பாக்கியில. ஊருக்கே ஒரு துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு சர்க்கார்ல அவரு பேருக்கு லைசென்ஸ் வாங்கினது. வாய்ப்பக்கமா கருமருந்து கொட்டி, தேங்கா நாரு அடைச்சு, ரவை போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. பின்னாடி ஒரு முளை இருக்கும். அது மேல செம்புல செஞ்ச கேப்பு ஒண்ணை மாட்டணும். சுண்டு வெரல் நகம் அளவு கூட இருக்காது, குட்டிக் குல்லா மாதிரி. குதிரைன்னு ஒரு இரும்பு, அதை இழுத்து உட்டா கேப்பு மேல அடிக்கும், கேப்பு பொறி தட்டும், மருந்து வெடிக்கும். கேப்பு இல்லன்னா மத்ததெல்லாம் இருந்தும் அது வெறும் ஒலக்கை.

ஆந்திரா எல்லைப் பக்கத்துக் காட்டுலேர்ந்து பன்னிங்க எறங்கி வந்துரும். நெல்லு கதிர் பால் புடிக்கிற நேரம் பாத்து வரும். ஒரு மந்தை உள்ள பூந்தா, காத்தால அந்த வயல்ல பாய் விரிச்சுப் படுக்கலாம், அவ்ளோ சமமா உருட்டியிருக்கும். அதனால வயலுக்கு நடுவுல நாலு கம்பு நட்டு பரண் கட்டிக்கினு பொழுது சாயறப்ப நைனா ஏறிக் குந்துவாரு. வெடிச் சத்தம் கேட்டா ஊரே கத்தி, அலுமினியச் சட்டியோட கெளம்பும். சுட்டவனுக்குத் தலையும் ஒரு தொடையும், பாக்கி தெருவுக்கு. அப்டி ஒரு காலம் இருந்துச்சு. மணியக்காரரு ரங்கசாமி கூட அவரைப் பாத்தா சைக்கிள்லேர்ந்து எறங்குவாரு.

துப்பாக்கி அவரு ஊட்டு உள் ரூம்ல ரெண்டு ஆணி மேல படுத்துருக்கும். சங்கிலி போட்டுப் பூட்டு. அது மேல ஒரு வைக்கோல் துண்டை வெச்சிட்டுத்தான் வெளிய போவாரு. வந்ததும் துண்டு இருக்குதான்னு பாப்பாரு. பல்லி ஓடினா துண்டு உழும். எலி ஓடினா உழும். பூவம்மா தலைய உதறி முடிச்சாலே உழும். உழுந்தா போச்சு. மச்சான் மேல சந்தேகம், பக்கத்து ஊட்டுக்காரன் மேல சந்தேகம், பால்காரன் மேல சந்தேகம். ஒரு தடவ பூனையைக் கூட, "இத எவனோ பழக்கி உட்டிருக்கான்"னாரு.

எழுவத்திரண்டு, எழுவத்தி மூணுக்கு அப்பால இந்தப் புகார் ஜாஸ்தி ஆயிருச்சு. ஏன்னா அவரு சுடறது தப்ப ஆரம்பிச்சிருச்சு. வெடி வெடிக்கும், ஊரு சட்டியோட ஓடும், அங்க பன்னியும் இருக்காது, ரத்தமும் இருக்காது. நைனா பரண்லேர்ந்து எறங்கி வந்து கொழாயை இப்டியும் அப்டியும் திருப்பிப் பாப்பாரு. "கொழா வளைஞ்சிருக்குது. எவனோ கை வெச்சிருக்கான்." சட்டியத் தூக்கிக்கினு போனவங்க சட்டியத் தூக்கிக்கினே திரும்பி வருவாங்க.

இந்தச் சமயத்துலதான் தானியேல் வந்து சேந்தாரு.

கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க ஒண்ணு ஒண்ணா மொளைச்சுக்கினு இருந்த நேரம். நான் ஒண்ணுல ஹெல்பரா சேந்தேன். அங்க கேட்டுல வாச்மேன் தானியேல். பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு, நாப்பது வயசு கூட இருக்காது. மாமியார் ஊடு எங்க ஊரு, அதனால குடித்தனம் இங்க. ஆளு பேசறது ரேடியோவுல ஸ்டேசன் சரியா உழாத மாதிரி, ரொம்ப மெதுவா, நடுவுல நடுவுல நின்னு நின்னு வரும். அதையும் நான் செஞ்சு காட்டுவேன். ஆனா அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. அவரு கொரலுக்கு எவனும் சிரிச்சதில்ல.

முனிகிருஷ்ணன் டீக்கடையில ஒரு நாளு யாரோ கேட்டாங்க, பட்டாளத்துல இன்னா வேலைன்னு. "ஸ்னைப்பர்"னாரு. இன்னா அதுன்னா, ஒளிஞ்சு படுத்துக்கினு, ரொம்ப தூரத்துலேர்ந்து, ஒரே தோட்டாவுல ஒரே ஆளைச் சுடறவன். அதுக்குன்னு தனியா ட்ரெயினிங் குடுப்பாங்களாம்.

நைனா பெஞ்சு ஓரத்துல குந்தியிருந்தவரு, கிளாஸைக் கீழ வெச்சாரு.

"இதுக்கு ட்ரெயினிங்கா? எனக்கு எவன் குடுத்தான்?"

அன்னிக்கி ஆரம்பிச்ச சண்டை. ரெண்டு பேரும் கடையில இருந்தா முனிகிருஷ்ணனுக்கு யாவாரம். நாங்க டீ மேல டீ வாங்கிக் குந்திருவோம்.

"மிலிட்டிரி, ஒண்ணு சொல்லு," நைனா ஆரம்பிப்பாரு. தானியேலைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல, மிலிட்டிரிதான். "உங்க எதிரி இருக்கானே, அவனுக்கு மூக்கு எம்மாம் தூரம் வேல செய்யும்?"

"அதெப்டி நைனா. நமக்கு எவ்ளோ, அவ்ளோதான்."

"பன்னிக்கு நீ காத்தால குடிச்ச பீடி சாயங்காலம் தெரியும். காத்து திரும்பிச்சுன்னா மந்தையே திரும்பிரும். மூக்கு செத்தவனைச் சுடறதுக்கு ட்ரெயினிங்கு, சம்பளம், ரயில்வே பாசு. இன்னா அநியாயம்டா."

"பன்னி திருப்பிச் சுடாது நைனா."

"திருப்பிச் சுடாது. திருப்பி வவுத்தக் கிழிக்கும். நீ பாத்துருக்கியா?"

தானியேல் சிரிப்பாரு. அவரு ஒத்துக்கற எடத்துல ஒத்துக்குவாரு, அது நைனாவுக்கு இன்னும் பேஜாரு. பழவேற்காடு ஏரியில வாத்து புடிக்கிற கதைய நைனா சொன்னப்ப அப்டித்தான். சின்ன வயசுல அவரு செஞ்சது அது. மொதல்ல வெறும் மண்சட்டிங்களைத் தண்ணியில கவுத்து மெதக்க உட்ருவாங்க. வாத்துங்க ஆரம்பத்துல பயந்து பறக்கும், அப்பால பழகிரும், சட்டி பக்கத்துலயே மேயும். பழகினப்பறம் நைனா ஒரு சட்டியில ரெண்டு ஓட்டை போட்டு, தலையில கவுத்துக்கினு, கழுத்து முட்டும் தண்ணியில அடி அடியா போவாரு. வாத்துக்கு அது இன்னொரு சட்டி. கிட்டப் போயி தண்ணிக்குள்ளயே காலைப் புடிச்சு ஒரே இழு. பக்கத்து வாத்துக்குக் கூடத் தெரியாது.

தானியேல் பெஞ்சுல நைனா பக்கமா நகர்ந்து குந்தினாரு. "இதத்தான் நைனா எங்களுக்கு மாசக்கணக்கா சொல்லிக் குடுத்தாங்க. நீ சட்டியா ஆவறதுக்கு முன்னாடி எதிரிக்கு சட்டியப் பழக்கு."

"அப்ப நானும் நீயும் ஒண்ணு."

"இல்ல நைனா. உனக்கு வாத்து தப்பிச்சா நாளைக்கு இன்னொரு வாத்து. எனக்கு ஒரே வாத்து. சுட்டப்பறம் நான் அங்க இருக்கக் கூடாது. நீ சுட்டா ஊரே சட்டி எடுத்துக்கினு ஓடி வரும்."

"நல்லதுதானே. கறி துன்ன ஆளு வோணாமா?"

கடை குலுங்கிப் போச்சு. ஆனா அப்பறம் தானியேல் சொன்னதுதான் எனக்கு இன்னிக்கும் மண்டையில நிக்குது. பட்டாளத்துல இந்த வேலைக்கு ரெண்டு பேரா போவாங்களாம். ஒருத்தன் கண்ணாடி வெச்சுப் பாக்கறவன், ஒருத்தன் சுடறவன். இன்னார்னு பாக்கறவன் வாயால சொன்னாத்தான் சுடறவன் வெரல் விசைக்குள்ள போவும். பஞ்சாப் எல்லையில, அறுவத்தஞ்சு சண்டையில, கரும்புக்குள்ள ஒரு பகலு பூரா படுத்துக் கெடந்துருக்காரு. எதிர்ல ஒருத்தன் வாளி எடுத்துக்கினு போறான், வரான். பட்டாளத்தானா, குடியானவனான்னு பக்கத்துல இருந்தவனுக்குத் தெரியல. அவன் 'ஆமா'ன்னு சொல்லல. பொழுது சாஞ்சதும் ரெண்டு பேரும் தவழ்ந்துக்கினே திரும்பிட்டாங்க.

"சுடவே இல்லியா?" நைனா கேட்டாரு.

"இல்ல."

"பன்னியா இல்லியான்னு நான் ஒரு பகலு பூரா பாத்துக்கினு இருந்தா, நெல்லு இருக்குமாடா? சலசலப்பு கேட்டா அது பன்னிதான். அந்த நேரத்துல அந்த வயல்ல வேற எவன் வரான்?" அப்பறம் எங்க பக்கம் திரும்பி, மூக்கால: "எனக்கு இன்னா தோணுதுன்னா, இவன் அங்க சமையல்கட்டுல இருந்தவன். சுட்டதே இல்ல. அதான் சுடாத கதையாவே சொல்றான். ரெண்டு பேருக்கு ஒரு துப்பாக்கியாம். பொண்டாட்டிக்கே நான் அதுல பங்கு வெக்கல."

அந்தச் சந்தேகம் ஊருக்கும் தொத்திக்கிச்சு. ஏன்னா தானியேல் எதையும் தொட மாட்டேங்கறாரு. நைனாவே ஒரு நாளு துப்பாக்கியை நீட்டி, "அந்தக் காக்காயை அடிச்சுக் காட்டு"ன்னாரு. "காக்கா இன்னா பண்ணுச்சு நைனா"ன்னு எழுந்து போயிட்டாரு. சுடத் தெரிஞ்சவன் ஏன் சுட மாட்டேங்கறான்? ஒரு பக்கம் சமையல்காரன்னு பேச்சு. இன்னொரு பக்கம், ஊருக்கு ஒரு லைசென்ஸ்தான், அதைத் தன் பேருக்கு மாத்திக்கப் பாக்கறான், அதான் நல்லவன் வேஷம் போடறான்னு பேச்சு. ரெண்டாவதைக் கெளப்பி உட்டது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல.

இதுக்கு நடுவுல நான் ஒரு வெளையாட்டு பண்ணேன். பட்டப்பகல். நைனா, முனிகிருஷ்ணன் கடை வாசல்ல வேப்பமர நெழல்ல பீடி குடிச்சிக்கினு குந்தியிருக்காரு. நான் அவருக்கு எதிர்லயே, கூப்புடற தூரம் கூட இல்ல, நின்னுக்கினு, மணியக்காரரு ரங்கசாமி கொரல்ல கனைச்சேன். அவரு கனைப்பு தண்ணியில்லாத பைப்பு மாதிரி இருக்கும். "இன்னா துளசிராமா, கிஸ்தி எப்ப கட்டப் போற?"

நைனா பீடியைக் கீழ போட்டுட்டு எழுந்தாரு. தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினாரு. "வந்துருங்க மணியக்காரரே, கட்டிடறேன்"னு என் மொகத்துக்கு நேரா கும்புட்டாரு.

கடையே உருண்டு பொரண்டு சிரிச்சுது. முனிகிருஷ்ணன் பாலைப் பொங்க உட்டுட்டான். நைனாவுக்கு அப்பால புரிஞ்சு, "தெரிஞ்சுதான்டா எழுந்தேன், நாயே, நீ எம்மாம் தூரம் போறன்னு பாத்தேன்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினாரு. எல்லாரும் அதையும் சேத்து சிரிச்சாங்க. தானியேல் மட்டும் சிரிக்கல. கிளாஸைக் கையில வெச்சுக்கினு நைனாவோட மொகத்தையே பாத்துக்கினு இருந்தாரு. கண்ணையே பாத்துக்கினு இருந்தாருன்னு சொல்லணும். அப்ப எனக்கு அது தெரியல. லைசென்ஸைப் பாக்கறான்னு நெனைச்சேன்.

எழுவத்தஞ்சு ஐப்பசி. கம்பெனிக்குப் போற ஆளுங்க வயல் வழியா குறுக்கால நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. வெடிச் சத்தம் கேக்குது, பயமா இருக்குதுன்னு யாரோ மனு போட்டுட்டாங்க. தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரு. லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயமும் அதுதான். கடையில தானியேலைப் பாத்து அவரு கேட்டது என் காதுல உழுந்துச்சு: "நீங்க பட்டாளம். உங்களுக்குத்தான் தெரியும். ஆளு இன்னும் சுடற பக்குவத்துல இருக்காரா? சும்மா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

தானியேல், "ஒரு தடவ அவரு கூடப் பரண்ல குந்திட்டு சொல்றேன் சார்"னாரு.

இது நைனாவுக்குப் போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்? நானேதான் ஓடிப் போயி தாலுக்கா ஆளு கொரல்லயும் தானியேல் கொரல்லயும் செஞ்சு காட்டினேன். அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு திண்டாடினாரு. துப்பாக்கி போச்சுன்னா வயல் போச்சு, அது ஒண்ணு. அதை உட, மறுநாள்லேர்ந்து அவரு யாரு? மணியக்காரரு எதுக்கு சைக்கிள்லேர்ந்து எறங்கப் போறாரு? வரவும் வுட முடியாது, வராதேன்னும் சொல்ல முடியாது. வோணாம்னா, இன்னாத்தையோ மறைக்கிறான்னு ஆயிரும்.

"வரச் சொல்றா," அப்டின்னாரு கடைசியில. "வந்து பாக்கட்டும் சமையல்காரன்."

பரண்ல நடந்ததுக்கு நான் சாட்சி இல்ல. நைனா சொன்னது ஒரு மாதிரி, தானியேல் சொன்னது ஒரு மாதிரி, பூவம்மா சொன்னது ஒரு மாதிரி. மூணையும் சேத்துப் பாத்து எது ஒத்துப் போவுதோ அதைச் சொல்றேன்.

சாயங்காலம், தூத்தல் மழை. ஏறறதுக்கு முன்னாடி நைனா தானியேலோட பாக்கெட்டெல்லாம் தடவிப் பாத்தாரு. நெருப்புப் பொட்டி ஒண்ணு, ஜெபமாலை ஒண்ணு. "இது எதுக்கு?" "அது இருக்கட்டும் நைனா." ரெண்டு பேரும் ஏறிக் குந்தினாங்க. நைனா மருந்து கெட்டிச்சாரு, குதிரையைப் பாதி இழுத்து நிறுத்திட்டு கேப்பை மாட்டினாரு, மழை படாம அது மேல ஒரு துணிய சுத்தி மடியில வெச்சுக்கினாரு. எல்லாத்தையும் தடவித் தடவியே செஞ்சாரு. கைக்கு அவ்ளோ பழக்கம், பாத்தா கெட்டிக்காரத்தனமாத்தான் இருக்கும்.

இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. தானியேல் மெதுவா கேட்டாரு: "நைனா, கெழக்கால வரப்புல வெள்ளையா நிக்குதே, அது இன்னா?"

"கொக்கு," நைனா சொன்னாரு. "நேத்துலேர்ந்தே நின்னுக்கினு கீது. அடி பட்ட கொக்கு."

அது கம்பெனிக்காரன் நட்ட அளவுக் கல்லு. சுண்ணாம்பு அடிச்சது. அந்த வாரம் பூரா அதைத் தாண்டித்தான் ஊரே நடந்துச்சு.

நைனா துண்டால கண்ணைத் தொடைச்சுக்கினு இருந்தப்ப, தானியேல் துப்பாக்கி மேல சுத்தின துணிக்குள்ள ரெண்டு வெரலை உட்டாரு. அவ்ளோதான் அவரு செஞ்சது.

இப்ப பூவம்மா கதை. பொம்பள வேட்டைக்குப் போறவன் பின்னாடி போவக் கூடாதுன்னு எங்க பக்கம் வழக்கம். பரண் இருக்கற வயல் பக்கமே பொழுது சாஞ்சா எந்தப் பொம்பளையும் போவ மாட்டா. பூவம்மா கல்யாணம் ஆனதுலேர்ந்து போனதில்ல. அதனாலதான் நைனா அவ்ளோ தைரியமா சொல்வாரு, அந்த நேரத்துல அந்த வயல்ல வேற எவன் வரான்னு. ஆனா அன்னிக்கி அந்தம்மாவுக்கும் சந்தேகம். சாராயக் கடையெல்லாம் திரும்பவும் மூடியிருந்த சமயம். மிலிட்டிரிக்காரன்னா கேண்டீன் ரம் இருக்கும்னு ஊர்ல பேச்சு. ஜென்மத்துல யாரையும் பரண்ல ஏத்தாத மனுசன் இன்னிக்கி ஒருத்தனை ஏத்திக்கினு போறாருன்னா எதுக்கு? கையும் களவுமா புடிக்கணும்னு, ஒரு கோணிப் பையை மழைக்குத் தலையில முக்காடா போட்டுக்கினு, பரண்லேர்ந்து தெரியக் கூடாதுன்னு நல்லா குனிஞ்சு, வரப்பை உட்டு நெல்லுக்குள்ளயே எறங்கி வந்தா.

நெல்லு சலசலன்னுது. நின்னுது. மறுபடி சலசலன்னுது. பன்னி அப்டித்தான் வரும்.

நைனா துணிய உருவிட்டு துப்பாக்கியைத் தூக்கினாரு.

"நைனா, இரு," தானியேல் சொன்னாரு. "நான் இன்னும் பாக்கல."

"மூடு."

"நான் சொல்லல நைனா."

"நீ இன்னாடா சொல்றது?" காதை நெல்லுப் பக்கம் வெச்சு, கொழாயை அந்தச் சத்தத்துக்கு நேரா எறக்கினாரு. காதுல அவருக்குத் தப்பே வராது. இதையும் சொல்லித்தான் ஆவணும், கொழா சரியா அந்த எடத்தைத்தான் பாத்துக்கினு இருந்துச்சுன்னு தானியேலே சொன்னாரு. குதிரையை முழுசா இழுத்தாரு. விசையை அமுக்கினாரு.

டக்.

வெறும் இரும்பு மேல இரும்பு. அவ்ளோதான் சத்தம்.

நைனா தடவிப் பாத்தாரு. முளை மொட்டையா இருந்துச்சு. "எவன்டா கை வெச்சது," அப்டின்னு மூக்கால ஆரம்பிச்சாரு. அவரு ஆயுசுல அந்தப் பேச்சு மொத தடவையா நெசமா ஆன நேரம் அது.

கோணிப் பை எழுந்து நின்னுது. "அதான் நானும் கேக்கறேன். மேல இன்னாயா பண்றீங்க ரெண்டு பேரும்? பாட்டில் எங்க?"

பூவம்மா எங்ககிட்ட சொல்றப்ப இந்த எடத்துல கொரலை அப்டியே உசத்துவா. அதுக்கப்பறம் எறக்கிருவா. துப்பாக்கி கொழா மட்டும் பரண்லேர்ந்து நீட்டிக்கினு, அவளுக்கு நேரா, இப்டி ஆடிக்கினு இருந்துச்சாம். அதைப் பாத்தப்பறம்தான் அவளுக்குத் தான் எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுது. தானியேல் கொழாயைப் புடிச்சு மெதுவா வானத்துப் பக்கம் தூக்கினாரு. இன்னொரு கையைத் தொறந்தாரு, உள்ளங்கையில கேப்பு. நைனா அதைப் பாத்தாரா, பாத்தாலும் தெரிஞ்சுதான்னு யாருக்கும் தெரியாது. தொட்டுப் பாத்தாரு. எடுக்கல.

எறங்கி வந்து பூவம்மா தலையில இருந்த கோணியை எடுத்து மடிச்சு அக்குள்ல வெச்சுக்கினாரு. "மழை வுட்ருச்சு. எதுக்கு இது"ன்னாரு. மழை வுடல.

மறுநாளு அவரே துப்பாக்கியைத் துணியில சுத்தி பஸ் ஏறி பொன்னேரி போயி ஒப்படைச்சிட்டு வந்துட்டாரு. கடையில வந்து குந்தினப்ப எல்லாரும் கேட்டாங்க. "எவனோ கை வெச்சிருந்தான். கெட்டுப் போச்சு. கெட்டுப் போனதை ஊட்டுல வெச்சுக்கினு இன்னா பண்றது." அப்டி சொல்லிட்டு, தானியேல் குந்தற மூலைப் பக்கமா மொகத்தைத் திருப்பினாரு. ஊரு அதைப் புடிச்சுக்கிச்சு. பரண்ல ஏறினான், மறுநாளே துப்பாக்கி போச்சு, இவன்தான் தாலுக்காவுல போட்டுக் குடுத்துட்டான்னு. கொஞ்ச நாளு அவரு வந்தா பெஞ்சுல எடம் உட மாட்டாங்க. நின்னுக்கினே டீ குடிச்சிட்டுப் போவாரு. தாலுக்கா ஆளு மறுபடி வந்து கேட்டப்ப அவரு சொன்னது எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்துல இருந்தேன்: "மழை சார். ஒண்ணும் தெரியல." அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல. உண்மை வெளிய வந்தது பூவம்மா வாயாலதான், அதுவும் பொங்கலுக்கு அப்பறம், தெருவே தானியேலைத் திட்டிக்கினு இருந்தப்ப கொழாயடியில கொடத்தை டக்குனு கீழ வெச்சுட்டு சொன்னா.

மணியக்காரரு அதுக்கப்பறமும் சைக்கிள்லேர்ந்து எறங்கினாரு. நான் கவனிச்சேன்.

நைனா கண்ணுல பொரை விழுந்திருந்துச்சு, ரெண்டுலயும். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு தானியேல் எத்தினி தடவ கூப்பிட்டாரு. "துப்பாக்கியில வெச்ச, இப்ப கண்ணுல கை வெக்கப் பாக்கறியா"ன்னு துரத்தி உட்டாரு. ஆனா ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு தானியேல் வர்ற நேரத்துக்கு வாசல்ல நாற்காலி ரெண்டு போட்டு வெச்சிருப்பாரு. செருப்புச் சத்தத்தை வெச்சே, தெரு முனையில இருக்கறப்பவே, "வரான்டா சமையல்காரன்"னு உள்ள சொல்வாரு. பன்னி பெருசா பாக்கிஸ்தான் பெருசான்னு மறுபடி ஆரம்பிச்சிருவாங்க. நெல்லுக்குள்ள நின்னவளைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு நாளும் பேசினதில்ல.

எழுவத்தொம்போதுல நைனா படுத்துட்டாரு. நெஞ்சுல சளி, கை கால் வீக்கம். கடைசி ஞாயித்துக்கெழம நானும் போயிருந்தேன். தானியேல் கட்டில் ஓரமா குந்தி, பன்னு நனைச்சு ஊட்டிக்கினு இருந்தாரு. வாய்க்கு வந்ததைப் பேசி சிரிக்க வெக்கலாம்னு அவரு நெனைச்சிருப்பாரு போல. அந்த நின்னு நின்னு வர கொரல்ல, "நைனா, இப்பவாவது ஒத்துக்கோ. வேட்டைக்காரன் வேற, நாங்க வேற. பட்டாளத்தான்தான் ஒசத்தி"ன்னாரு.

நைனா மென்னுக்கினு இருந்ததை முழுங்கினாரு. கையை நீட்டி தானியேலோட சட்டைப் பாக்கெட்டைத் தடவினாரு. மூக்கால, கடைசி வார்த்தையை இழுத்து, சொன்னாரு:

"இன்னாத்தடா ஒத்துக்கறது? நீ சுட்டதை நான் ஒரு நாளும் பாக்கல. என் துப்பாக்கியில கை வெச்சதைத்தான் பாத்தேன். அந்தக் கேப்பைக் குடுத்துட்டுப் போ, சமையல்காரா, அது என்னுது."